ஆம்ப்ரோஸ் சந்தேகப்பட்ட எலும்புகள்

ஊட்ரம் ரோட்டுப் பக்கம் இருந்த மருத்துவக் கல்லூரியில் ஆம்ப்ரோஸுக்கு எலும்போடுதான் வேலை. மாணவர்கள் அறுத்துப் படித்து முடித்த உடல்களில் கடைசியாக மிஞ்சுவது அவரிடம் வந்து சேரும். அவர் அதை வேகவைப்பார், சலவைச் சோடாவில் ஊறப்போடுவார், மாடியில் காயவைப்பார். பிறகு துளையிட்டுப் பித்தளைக் கம்பி கோத்து வகுப்பறையில் நிறுத்துவார். பத்து வருஷம் இப்படிப் போனதில் அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எலும்பைக் கையில் எடுத்தாலே இது மூட்டை தூக்கிய தோள், இது வெற்றிலை போட்ட கிழவியின் பல் என்று சொல்லிவிடுவார்.

வேலை இப்படி என்பதால் பஃபலோ ரோட்டில் அவர் குடியிருந்த மாடியில் அக்கம்பக்கத்தார் அவர் கொடுக்கும் பலகாரத்தை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் சாப்பிட மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அவரும் அவர்களை நம்பியதில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், அந்தச் செவுளுக்குச் சாயம் பூசியிருக்கிறானா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். மனைவி பிரிஜட், "உங்களுக்கு மீன் விக்கிறவன் பாவம்" என்பாள்.

அவர் எப்போதும் அப்படி இருந்தவரில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவருடைய தம்பி சவரிமுத்துவுக்கு மலேரியா வந்தது. கொய்னா மாத்திரை எங்கேயும் இல்லை. தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பொட்டலம் கிடைத்தது. ஆறு நாள் வேளை தவறாமல் கொடுத்தார்கள். ஏழாம் நாள் தம்பி இறந்துபோனான். அடக்கம் முடிந்து வந்து, மிச்சமிருந்த ஒரு மாத்திரையை ஆம்ப்ரோஸ் நாக்கில் வைத்துப் பார்த்தார். கொய்னா என்றால் உச்சந்தலை வரை கசக்க வேண்டும். இது கசக்கவே இல்லை. வெறும் சுண்ணாம்பு. அதற்குப் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பது என்று ஆகிவிட்டது.

1951இல் லண்டனிலிருந்து கல்லூரிக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் பிளாஸ்டரில் வார்த்த மண்டையோடுகள். உலகத்தின் பல இடங்களில் தோண்டி எடுத்த ஆதி மனிதர்களின் எலும்புகளை அச்செடுத்து, அதே அளவில், அதே நிறத்தில் செய்தவை. அவற்றை வரவழைத்தவர் டாக்டர் அஹமது கபீர். முப்பது வயது, லண்டனில் படித்துவிட்டு அப்போதுதான் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தார். பெட்டியை அவரே பிரித்தார்.

"ஆம்ப்ரோஸ், இது ஜாவா மனிதன். நம்ம பக்கத்து ஊர்க்காரர்" என்றார். "இது தென்னாப்பிரிக்காவுல கிடைச்ச குழந்தை. இது இங்கிலாந்து, பில்ட்டவுன்ங்கற ஊரு. இவரைத்தான் நல்லா பாத்துக்கணும். மூளை நம்மளுது, தாடை குரங்கோடது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவர்."

ஆம்ப்ரோஸ் வாங்கி அலமாரியில் அடுக்கினார். ஞாயிறு தவறாமல் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் பூசை காண்கிற மனிதர் அவர். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக ஒன்று பொய்யாகிவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். எலும்பு என்று கொண்டுவந்திருக்கிறார்கள். எலும்பைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தார்.

வகுப்புக்கு எடுத்துப்போவது, திருப்பிக்கொண்டு வருவது, தூசி தட்டுவது என்று பில்ட்டவுன் தாடை தினமும் அவர் கையில் ஏறி இறங்கியது. மூன்றாவது வாரமே அவருக்கு அதில் ஏதோ இடித்தது. கீழ்த்தாடை என்றால் காதுக்கு முன்னால் மண்டையோட்டில் போய் உட்காரும் ஒரு குமிழ் இருக்க வேண்டும். இதில் சரியாக அந்தக் குமிழ் மட்டும் உடைந்திருந்தது. அது இருந்தால்தானே இந்தத் தாடை இந்த மண்டைக்கு உரியதா என்று வைத்துப் பார்க்க முடியும்? எத்தனையோ இடம் இருக்க அந்த இடத்திலா உடையும்?

அடுத்து பல். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. இரண்டும் தேய்ந்திருந்தன. ஆனால் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தும், பக்கத்துப் பல் வேறு பக்கமாகச் சாய்ந்தும் தேய்ந்திருந்தது. ஒரே வாயில் ஒரே சோற்றை மெல்லும் அடுத்தடுத்த பற்கள் அப்படித் தேய்ந்து அவர் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கான வாய்களை அவர் பார்த்திருக்கிறார்.

உடற்கூறுப் பிரிவில் ஒரு ஒராங்ஊத்தான் குரங்கின் எலும்புக்கூடு இருந்தது. போர்னியோவிலிருந்து வந்தது, கம்பி கோத்ததே ஆம்ப்ரோஸ்தான். அதன் கீழ்த்தாடையைக் கழற்றி எடுத்து வந்து பிளாஸ்டர் தாடைக்குப் பக்கத்தில் வைத்தார். முதலில் கண்ணால் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். அன்று மத்தியானம் டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், இந்த மண்டையும் தாடையும் ஒரே ஆளோடது இல்ல."

கபீர் சிரித்தபடியே வந்தார். இரண்டு தாடைகளையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிளாஸ்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒராங்ஊத்தானைத் தூக்கிப் பிடித்தார். இரண்டையும் கீழே வைத்துவிட்டு, "ஆம்ப்ரோஸ், ஒண்ணு கேக்கறேன், மறைக்கக் கூடாது. இந்தக் குரங்குத் தாடையை நீங்க அச்செடுத்து மாத்தி வெச்சிட்டீங்களா?" என்றார்.

ஆம்ப்ரோஸுக்கு முதலில் அது புரியவில்லை.

"நீங்க கோயிலுக்குப் போறவரு. இந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும். பிளாஸ்டர் வேலையும் உங்களுக்கு நல்லா வரும்" என்று கபீர் மெதுவாகச் சொன்னார்.

"நான் மாத்தலை டாக்டர்."

கபீர் அந்த எலும்புகளின் அளவுகள் போட்டிருந்த புத்தகத்தை எடுத்துவந்து அளவுகோலை வைத்து மூன்று முறை அளந்தார். பெட்டியோடு வந்த தாடைதான் அது. ஒவ்வொரு அளவும் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. ஆனாலும் அவர் மனம் சமாதானமாகவில்லை. "லண்டன்ல பெரிய பெரிய ஆளுங்க நாப்பது வருஷமா பாத்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா?" என்றார். பிறகு கையை நீட்டினார். "அலமாரிச் சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

அந்தச் சாவி போனது ஆம்ப்ரோஸைச் சுட்டது. வீட்டுக்கு வந்து பிரிஜட்டிடம் மட்டும் சொன்னார். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி; அவர்கள் மாடியிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். "உங்களைச் சந்தேகப்பட்டாரா? இத்தனை வருஷம் நீங்க ஊரையே சந்தேகப்பட்டீங்களே, அது எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு கோப்பி கலந்து வந்து கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கபீரும் ஆம்ப்ரோஸும் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்கள். வகுப்பு முடிந்ததும் டாக்டர் வார்ப்புகளை எண்ணிப் பார்த்துப் பூட்டுவார். ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

1953 நவம்பரில் ஒரு நாள் காலை கபீர் ஆங்கிலப் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எலும்பு அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"லண்டன்ல ஆராய்ஞ்சு சொல்லிட்டாங்க. பில்ட்டவுன் முழுக்கப் பொய். மண்டை மனுஷனோடது. தாடை ஒராங்ஊத்தானோடதா இருக்கும்ங்கறாங்க. சாயம் போட்டுப் பழசாக்கியிருக்காங்க. பல்லை அரம் வெச்சு ராவியிருக்காங்க. யார் செஞ்சாங்கன்னு தெரியல." சாவியை மேசைமேல் வைத்தார். "நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்."

"சந்தேகப்பட்டது சரிதான் டாக்டர். ஆளைத்தான் மாத்திப் புடிச்சிட்டீங்க."

கபீர் தலையசைத்தார். அதற்குமேல் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆம்ப்ரோஸும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் கபீர் அவரிடம் வந்து, "இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.

செய்தி கோயில் வரைக்கும் போனது. துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த மரியஅந்தோணி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், பூசை முடிந்து எல்லோர் முன்னாலும் ஆம்ப்ரோஸின் தோளில் தட்டினார். "வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரியாததை நம்ம ஆம்ப்ரோஸண்ணன் புடிச்சிட்டாரு. குரங்குக் கதை அத்தனையும் பித்தலாட்டம்னு ஆச்சா?"

பலகாரத்தைத் தொடாத வீடுகளிலிருந்துகூட ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். ஆம்ப்ரோஸுக்கு அது சந்தோஷமாக இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. இவர்களில் ஒருவரும் அந்தத் தாடையைப் பார்த்ததில்லை. லண்டன்காரர்கள் சரியாகப் பார்க்காமல் நம்பினார்கள் என்றால் இவர்கள் பார்க்காமல் நம்பாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று யோசித்தார். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை.

அதற்குப் பதில் அலமாரியில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்று பொய் என்றால் பக்கத்தில் இருப்பதும் பொய்யாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. தென்னாப்பிரிக்கக் குழந்தையின் மண்டையில் பொய்யைப் பிடிக்க ஒரு வருஷம் பார்த்தார். பால்பற்கள், பின்னால் அப்போதுதான் முளைத்த முதல் கடைவாய்ப் பல். எல்லாம் ஒழுங்காகத் தேய்ந்திருந்தன. தாடை மண்டையோடு ஒட்டியே இருந்தது. மாற்றி வைக்க வழியில்லை. தண்டுவடம் நுழையும் துளையின் விளிம்பு குரங்குக்கு இருப்பதுபோலப் பின்னால் போகாமல் அடியில் முன்தள்ளி இருந்தது. தலையை நிமிர்த்தி வைத்து நடந்த பிள்ளை என்று கபீர் சொன்னார். ஆம்ப்ரோஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இன்னும் பாப்போம்" என்றார்.

1957இல் இரண்டாவது பெட்டி வந்தது. இது தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தது. ஒரு சுண்ணாம்புக் குகையில் கிடைத்த வளர்ந்த பெண்ணின் இடுப்பெலும்புகள், முதுகெலும்பில் கொஞ்சம், அதே குகையில் கிடைத்த வேறொரு மண்டையோடு, எல்லாம் வார்ப்புகள். மண்டை சின்னது, முகம் முன்னால் துருத்தி, குரங்கு மாதிரி. இடுப்போ குட்டையாக, அகலமாக, மனிதர்களுக்கு இருப்பது மாதிரி.

ஆம்ப்ரோஸ் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், அங்க மனுஷ மண்டைக்குக் குரங்குத் தாடை. இங்க குரங்கு மண்டைக்கு மனுஷ இடுப்பு. அதே வேலையை மாத்திச் செஞ்சிருக்கான்."

முன்பு போல் கபீர் மறுக்கவில்லை. "இருக்கலாம். காட்டுங்க" என்றார்.

நான்கு மாதம் ஆம்ப்ரோஸ் அந்த இடுப்போடு கிடந்தார். எது உண்மையாகக் கிடைத்தது, எது பிளாஸ்டரில் நிரப்பியது என்று கேட்டு, அனுப்பியவர்களுக்குக் கபீரைக் கடிதம் எழுத வைத்தார். பதில் நான்கு பக்கம் வந்தது. இந்த விளிம்பு இருக்கிறது, இது நசுங்கியிருக்கிறது, இந்த இடம் எங்களுக்குத் தெரியாது, மறுபக்கத்தைப் பார்த்து நிரப்பினோம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதமும் அவருக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. இவ்வளவு விவரமாக எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்றார்.

இதற்குள் மரியஅந்தோணிக்கு விஷயம் எட்டிவிட்டது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு கோயில் கூடத்தில் ஆம்ப்ரோஸ் பேசுவார் என்று தாள் அடித்து ஒட்டிவிட்டார். 'இரண்டாவது பித்தலாட்டம்' என்று தலைப்பு. ஆம்ப்ரோஸ் தடுக்கவில்லை. அதற்குள் பிடித்துவிடலாம் என்று நம்பினார். நாள் நெருங்க நெருங்க, பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் அவருக்குப் பிரிஜட்டின் ஞாபகம் வந்தது. அவர் எடுத்ததெல்லாம் செத்தவர்களின் இடுப்பு. உயிரோடிருக்கும் இடுப்பைத் தினமும் தொடுகிறவள் வீட்டிலேயே இருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடே அவள் வந்தாள். ஃபார்மலின் வாடைக்கு மூக்கைச் சுளித்தாள். "இங்க கையை வெச்சிட்டு நான் எந்தக் கையால பிள்ளையைத் தொடுறது?"

"இது பிளாஸ்டர்தான். நீ சும்மா பாரு. இது மனுஷியோட இடுப்புத்தானேன்னு சொல்லு, போதும்."

இடுப்பெலும்புகளை அவர் மெழுகு வைத்து ஒன்றாகப் பொருத்தி வைத்திருந்தார். கபீரும் கதவோரம் வந்து நின்றார். பிரிஜட் கிண்ணத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கினாள். பிறகு தாயைச் சோதிக்கும் முறையில் இரண்டு விரலை உள்ளே விட்டாள். முகம் மாறியது. மறுபடி விட்டாள்.

"இவ நடந்தவதான்" என்றாள். "இந்த அகலம் நிமிர்ந்து நிக்கிறவங்களுக்கு இருக்கறதுதான். ஆனா இவ மனுஷி இல்லங்க."

"ஏன்?"

"பக்கவாட்டுல இடம் தாராளம். முன்னுக்குப் பின்னு ரொம்பக் குறுகல். நம்ம பிள்ளை இதுல வராது. பச்சைப்பிள்ளை மண்டை ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. கல்லூரியில் பாடத்துக்கு வைத்திருந்த ஒன்றை ஆம்ப்ரோஸ் கொண்டுவந்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, வாங்கியதும் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, இடுப்பின் வாயில் வைத்தாள். குறுக்காக வைத்தாள், நேராக வைத்தாள், சாய்த்து வைத்தாள். எப்படி வைத்தாலும் முட்டிக்கொண்டு நின்றது.

"நம்ம பிள்ளைங்க குறுக்கா நுழைஞ்சு, உள்ள திரும்பி, தாயோட முதுகைப் பாத்துக்கிட்டு வெளிய வரும். இவளுக்குத் திரும்பவே இடமில்ல. இது நம்ம பொம்பளையோட இடுப்புன்னா, தாயும் செத்திருப்பா, பிள்ளையும் செத்திருக்கும். அப்படி ஒரு சாதி உலகத்துல இருந்திருக்க முடியாது."

மேசைமேல் இருந்த மெழுகை எடுத்து உருண்டை பிடித்தாள். வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் கிள்ளினாள், மறுபடி வைத்தாள். நாலைந்து தடவை கிள்ளிய பிறகு உருண்டை குறுக்காகவே உள்ளே போய்க் குறுக்காகவே கீழே வந்தது. "இந்த அளவு தலைன்னா சிரமமில்லாம வரும்" என்று நீட்டினாள்.

கபீர் அதை வாங்கி அளந்தார். நோட்டில் குறித்தார். "சிம்பன்ஸிக் குட்டியோட தலையைவிடக் கொஞ்சம் பெரிசு" என்றார். பிறகு பெட்டியோடு வந்த அந்தச் சின்ன மண்டையோட்டைக் கையில் எடுத்தார். "இதுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அவ்வளவுதான் இருக்கும்."

ஆம்ப்ரோஸ் உட்கார்ந்துவிட்டார். மனுஷ இடுப்பைக் குரங்கு மண்டையோடு சேர்த்துவிட்டான் என்பதுதான் அவர் போட்ட வழக்கு. இடுப்பு மனுஷ இடுப்பே இல்லை. அந்த மண்டை இல்லாவிட்டால் அந்த இடுப்புக்கு அர்த்தமில்லை. ஏமாற்ற நினைக்கிறவன் ஒரு மருத்துவச்சியின் விரலுக்குப் பயந்தா செய்திருப்பான்? உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் விட்டிருப்பான். அவர் கடிதத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தார். தெரியாது என்று அவர்கள் எழுதியிருந்த இடங்களை எண்ணினார். பதினொன்று இருந்தன. இந்தத் தடவை அது மறைக்கிறவனின் எழுத்தாகப் படவில்லை.

"நாளைக்குக் கூடத்துல என்ன சொல்லப்போறீங்க?" என்று பிரிஜட் கேட்டாள்.

"காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. காய்ச்சல் எத்தனை நாளைக்கு இருக்கும்?"

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. மரியஅந்தோணி நீளமாக அறிமுகம் செய்தார். ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். மேடைப் பேச்சு அவருக்கு வராது.

"முதல் வார்ப்பு பொய். நான் கண்ணால பாத்தேன். இரண்டாவதும் பொய்னு நினைச்சேன், அதான் இங்க பேசறேன்னு ஒத்துக்கிட்டேன். நாலு மாசம் பாத்தேன். நேத்து என் வீட்டுக்காரியும் பாத்தா. அது பொய் இல்ல. அப்படி ஒரு பொம்பளை இருந்திருக்கா. நிமிர்ந்து நடந்திருக்கா. அவ நம்மளும் இல்ல, குரங்கும் இல்ல. ஆத்துமாவைப் பத்தி எனக்குத் தெரியாது, அது எலும்புல இல்ல. எலும்பைப் பத்தித்தான் என்னால சொல்ல முடியும்."

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. மரியஅந்தோணி முகம் சிவந்து, "டாக்டர் கபீர் சொல்லிக்கொடுத்ததா இது?" என்றார்.

"அவர் ஒண்ணும் சொல்லல அந்தோணி. வேணும்னா நீயே வந்து பாரு."

"நான் எதுக்குப் பாக்கணும்?"

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். அற்புதமேரி, மரியஅந்தோணியின் மனைவி. நான்கு பிள்ளைகளையும் பிரிஜட் கையில் பெற்றவள். புருஷனைப் பார்க்காமல் பிரிஜட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, அவளுக்கும் வலிச்சிருக்குமா?"

பிரிஜட் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "வலிச்சிருக்கும் மேரி. நம்ம அளவுக்கு இருக்காது, தலை சின்னது பாரு. ஆனாலும் குறுக்கா வரணுமே. பக்கத்துல யாராச்சும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அற்புதமேரி உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் முழுக்க ஏதோ முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

அதோடு ஆம்ப்ரோஸின் புகழ் முடிந்தது. திருவிழாக் கமிட்டியில் அவர் பேர் அடுத்த வருஷம் இல்லை. சிராங்கூன் ரோட்டில் அவரைக் கண்டால் மரியஅந்தோணி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கபீரிடம் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் இப்படிப் பேசினார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதைக் கேட்டு ஆம்ப்ரோஸுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று பிரிஜட்டிடம் சொன்னார். பூசைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அறுபதுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து புதிது புதிதாகச் செய்திகள் வந்தன. ஒவ்வொரு வார்ப்பு வரும்போதும் ஆம்ப்ரோஸ் முதலில் அது பொய் என்று ஆரம்பிப்பார். மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பார். கபீர் மாணவர்களிடம், "ஆம்ப்ரோஸ்கிட்ட தேறினாத்தான் நான் பாடத்துல சேப்பேன்" என்று சொல்வார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

1964இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எலும்பு அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மரியஅந்தோணி நின்றுகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அந்த ஏழு வருஷத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"போய்ப் பாருங்கன்னு மேரி தினமும் உயிரை எடுக்கறா. எங்க, அதைக் காட்டுங்க."

ஆம்ப்ரோஸ் இடுப்பையும் மண்டையையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். மரியஅந்தோணி முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார். பிறகு தொட்டார். பிறகு தூக்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"இந்த ஓரம் வேற கலரா இருக்கே. இது நிஜ எலும்பா, நீங்களா வெச்சதா?"

"அவங்க வெச்சது."

"எதுக்கு வெச்சாங்க? எனக்கு இது சரியாப் படல."

"உக்காரு" என்று ஆம்ப்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று மரியஅந்தோணி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார்.